மாட்ட மாட்டேன்

மருத்துவமனையின் சலவைக் கூடத்தைத் தாண்டிப் பின்பக்கம் போனால் ஒரு தகரக் கொட்டகை வரும். உள்ளே ஐந்து வண்டிகள், ஆள் இறங்கி நிற்கிற ஆழத்துக்கு ஒரு குழி, குழிக்குள் ஒரு பெண். வருகைப் பதிவேட்டில் அவளுக்கு லட்சணமான பெயர் ஒன்று இருக்கிறது. இருந்து என்ன பிரயோசனம்? பெரிய டாக்டர் முதல் வாட்ச்மேன் வரைக்கும் அவள் 'மாட்டேன்'தான். "மாட்டேன் எங்கே?" என்று கேட்பார்கள். "மாட்டேன் குழியில" என்று பதில் வரும். புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி, யாரோ எதற்கோ முரண்டு பிடிக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போயிருக்கிறாள்.

பெயர் வந்த கதை சின்னது. இருபத்துநாலு வருடத்துக்கு முன்னால் அவளை அங்கே எடுத்தது எண்ணெய்த் துணி துவைக்க. ஒருநாள் ஃபிட்டர் ஒருவன் வரவில்லை. மேஸ்திரி குழிக்குள்ளிருந்து கையை நீட்டி, "ஏம்மா, சும்மாதானே நிக்கிறே? இறங்கி வந்து இந்த போல்ட்டை மாட்டு" என்றார். அவள் இறங்கினாள். போல்ட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன் கழுத்தில் இருந்த செப்பு வாஷர் நசுங்கிக் காகிதமாகியிருந்தது.

"இது ஒழுகும் மேஸ்திரி. இதை நான் மாட்ட மாட்டேன்."

கொட்டகையில் வெடித்த சிரிப்பு இருக்கிறதே! "மாட்ட மாட்டாளாம்டா! துணி துவைக்க வந்தவ மாட்ட மாட்டாளாம்!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேஸ்திரியே அந்த வாஷரோடு போல்ட்டை முடுக்கினார். நாலாம் நாள் வண்டிக்குக் கீழே தட்டு அகலத்துக்கு எண்ணெய் தேங்கி நின்றது. சிரிப்பு நின்றுவிட்டது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. மேஸ்திரி நல்ல மனிதர். அடுத்த வாரமே துணி வாளியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு அவள் கையில் ஸ்பானரைக் கொடுத்தார்.

ஆனால் குழி அவளுக்கு என்று ஆனது அதோடு அல்ல. அதற்குப் பதினோரு வருடம் ஆயிற்று. பதினோரு வருடம் மேலே நின்று சாமான் எடுத்துக் கொடுத்தாள், டயர் கழற்றினாள், "பொம்பளைக்குக் குழி எதுக்கு?" என்று கேட்டவர்களையெல்லாம் முறைத்துப் பார்த்தாள். அந்தக் குழிக்காகப் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். அதனால், குழியை விட்டு எழுப்பிவிடுவேன் என்று யாராவது சொன்னால் அது அவளுக்குச் சாதாரணப் பேச்சு இல்லை. கதையே அதைப் பற்றித்தான்.

வண்டிகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஐந்துமே நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டிகள். மலைமேல் இருக்கிற குடியிருப்புகளுக்கு டாக்டரையும் நர்சுகளையும் மருந்துப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போகிறவை. அந்தப் பாதையைச் சாலை என்று சொன்னால் மற்ற சாலைகள் கோபித்துக்கொள்ளும். இரண்டு இடத்தில் ஓடைக்குள்ளேயே இறங்கி ஏற வேண்டும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் எட்டிப் பார்க்காமல் இருப்பது உத்தமம்.

இப்படிப்பட்ட வண்டிக்கு அடியில் மூன்று வயிறு உண்டு. முன் அச்சில், சக்கரங்களைச் சுழற்றுகிற பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல் ஒன்று, பின் அச்சில் ஒரு டிஃபரன்ஷியல், நடுவில் டிரான்ஸ்ஃபர் கேஸ். நடுவில் இருப்பதுதான் இன்ஜின் தருகிற இழுப்பை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு போடும். மூன்றிலும் எண்ணெய் இருக்கும். மூன்றுக்கும் இரண்டிரண்டு போல்ட். கீழ் போல்ட்டைத் திறந்தால் பழைய எண்ணெய் இறங்கும். மேல் போல்ட் வழியாகப் புதியதை ஏற்ற வேண்டும். துளை வரைக்கும் நிரம்பி மெல்ல வழிந்தால் போதும் என்று அர்த்தம். இவ்வளவுதான் சங்கதி. கேட்டால், இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அவளுக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது.

ஸ்பானர் கைக்கு வந்த இரண்டாவது வருடம், மேஸ்திரி இல்லாத நேரத்தில் யாரையும் கேட்காமல் குழியில் இறங்கி, ஒரு டிஃபரன்ஷியலின் கீழ் போல்ட்டைத் திறந்து எண்ணெய் முழுவதையும் இறக்கிவிட்டாள். அப்புறம் மேல் போல்ட்டுக்குப் போனால், அது துருவேறிப் பிடித்துக்கொண்டு அசையவே இல்லை. தட்டினாள், சூடு காட்டினாள், ஸ்பானரைப் பிடித்துத் தொங்கினாள். போல்ட்டின் தலைதான் மழுங்கியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை, ஊற்றவும் வழியில்லை. அப்போது ஓட்டத்தில் இருந்த ஒரே வண்டி இரண்டு நாள் நின்றது. மேலே பிரசவ வலியோடு ஒருத்தி காத்திருந்தாள். டாக்டரம்மா மருந்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏழு மணி நேரம் நடந்தே போனார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள், அதுவரைக்கும் தெய்வத்துக்கு நன்றி. திரும்பி வந்த டாக்டரம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. செருப்பைக் கழற்றிக் கால் கொப்புளங்களைப் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பாள்.

அன்றிலிருந்து ஒரே சட்டம். மேல் போல்ட் திறக்காமல் கீழ் போல்ட்டில் கை வைப்பதில்லை. இறங்கிய எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்க்காமல் புதியதை ஏற்றுவதில்லை. பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் ஓடைத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. கீழ் போல்ட்டின் காந்த நுனியில் கருப்புப் பசை ஒட்டியிருந்தால் பரவாயில்லை, பல்சக்கரப் பல்லின் துணுக்கு ஒட்டியிருந்தால் வண்டி வெளியே போகாது. கடைசியில் சர்வீஸ் அட்டையில் அவள் கையெழுத்து விழும். அதைப் பார்த்துவிட்டுத்தான் டிரைவர்கள் சாவியைக் கையில் எடுப்பார்கள்.

வீட்டுக்காரர் தையல்காரர். கியர் எண்ணெய்க்கு அழுகின முட்டை நாற்றம். அவள் வீட்டுக்குள் நுழைந்தாலே அவர் துணிகளை வாரிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடுவார். "ஊருக்கெல்லாம் மாட்டேங்கறியே, என்னைக் கட்டிக்க மட்டும் எப்படிச் சரின்னு சொன்னே?" என்பது அவருடைய நிரந்தரக் கேலி. "அன்னைக்கும் மாட்டேன்னுதான் சொன்னேன். நாதஸ்வரச் சத்தத்துல உங்க காதுல விழல" என்பாள் அவள். இருபது வருடமாக இதே கேள்வி, இதே பதில். இருவருக்கும் அலுக்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கொட்டகைக்கு ஒரு மேனேஜர் வந்து சேர்ந்தார். மேலிடத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று, "ஆகட்டும் சார், ஆகட்டும் சார்" என்பார். என்ன கேட்கிறார்கள் என்று முழுசாகக் கேட்பதற்கு முன்னாலேயே ஆகட்டும். இரண்டே நாளில் டிரைவர்கள் அவருக்கு 'ஆகட்டும்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். பயந்த மனிதர். பயந்தவர்கள் செய்கிற வேலை சில சமயம் கெட்டவர்கள் செய்வதைவிட மோசமாக இருக்கும்.

ஐந்து வண்டிகளில் கடைசி இரண்டும் புதுசு. ஒரு தர்ம சபையார் வாங்கிக் கொடுத்தவை. ஒரு வியாழக்கிழமை அந்தச் சபையார் வருவதாகவும், அதே இரண்டு வண்டிகளில் ஏறி மலைக் குடியிருப்பைப் பார்க்கப் போவதாகவும் செய்தி வந்தது. "வண்டி சர்வீஸ் எல்லாம் முடிஞ்சதா?" என்று மேலிடம் கேட்டது. "ஆச்சு சார், எல்லாம் ஆச்சு" என்றார் ஆகட்டும். எதுவும் ஆகவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, வியாழன் காலை எட்டு மணிக்கு அவசர அவசரமாகக் கொட்டகைக்கு வந்தார். சபையார் வர இரண்டு மணி நேரம் இருந்தது.

அவளும் மேஸ்திரியும் ஆளுக்கொரு வண்டியாக எடுத்துக்கொண்டார்கள். முன்னும் பின்னுமாக டிஃபரன்ஷியல் எண்ணெய் மாற்றி முடித்தாயிற்று. டிரான்ஸ்ஃபர் கேஸிலும் பழைய எண்ணெயை இறக்கிவிட்டு, புதியதை எடுக்க அவள் அலமாரியைத் திறந்தாள். சிவப்பு எண்ணெய் டப்பா காலி.

"சார், சிவப்பு எண்ணெய் தீர்ந்துபோச்சு. போன மாசமே எழுதிக் குடுத்தேனே."

"டிரம் நிறைய கியர் ஆயில் இருக்கே. அதையே ஊத்து."

"இதுக்கு அது ஆகாது சார்."

"ஏன் ஆகாது? அந்த மூணு பழைய வண்டிக்கும் அதைத்தானே ஊத்தறீங்க?"

தப்பு அங்கேதான். பழைய வண்டிகளில் மூன்று வயிற்றுக்கும் ஒரே கெட்டி எண்ணெய். இருபது வருடம் அந்த டிரம்மையே பார்த்துப் பழகிய கொட்டகைக்கு அதுதான் வேதம். புதிய வண்டியின் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் ஒரு சங்கிலியும் சின்னதாக ஒரு பம்பும் இருக்கின்றன. அந்த பம்ப் நீர்த்த சிவப்பு எண்ணெயைத்தான் உறிஞ்சும். கெட்டி எண்ணெயை ஊற்றினால் மேலே இருக்கிற பேரிங்குகளுக்கு அது ஏறாது. வண்டி கிளம்பும், ஓடும், சமதரையில் ஒன்றுமே தெரியாது. ஏற்றத்தில் இழுக்க இழுக்கச் சூடேறும். சூடேறி ஒருநாள் உள்ளே இறுகிக்கொள்ளும். எங்கே இறுகும் என்று நாம் சொல்ல முடியாது.

இதை அவள் அவருக்குப் பொறுமையாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, "டவுனுக்கு ஆள் அனுப்புங்க சார், ரெண்டு மணி நேரத்துல வந்துரும்" என்றாள்.

"ரெண்டு மணி நேரம் அவங்களை என்னத்தைச் சொல்லி உக்கார வைக்கிறது? எல்லாம் ஆச்சுன்னு சொல்லிட்டேன்மா! ஒரே ஒரு நடை. போய்ட்டு வந்ததும் மாத்திக்கலாம். ஊத்து."

"ஊத்த மாட்டேன்."

"மேஸ்திரி, நீங்க ஊத்துங்க."

மேஸ்திரி அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பாவம், அவருக்கு ஓய்வு பெற இன்னும் ஐந்தே மாதம். கைபம்பை எடுத்து இரண்டு வண்டிக்கும் கெட்டி எண்ணெயை ஏற்றினார். ஏற்றும்போது அவள் பக்கம் திரும்பவே இல்லை. "நான் என்னம்மா பண்றது?" என்று போல்ட்டைப் பார்த்துச் சொன்னார்.

ஆகட்டும் சர்வீஸ் அட்டைகளை நீட்டினார். "கையெழுத்துப் போடு. உன் கையெழுத்து இல்லாம டிரைவருங்க எடுக்க மாட்டாங்க."

"போட மாட்டேன்."

"இங்க பாரும்மா." அவர் குரல் தாழ்ந்தது. "ஊரோட ஒத்துப் போகத் தெரியணும். நாளைக்கு உன்னைக் குழியை விட்டு எழுப்பி மறுபடியும் துணி துவைக்க அனுப்ப எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. போடறியா, இல்லையா?"

பொய் சொல்வானேன், அவள் பயந்துதான் போனாள். பதினோரு வருடம் கண்முன்னால் வந்து நின்றது. சோப்புத் தண்ணீரில் வெடித்துப்போன அந்தப் பழைய கைகள் நினைவுக்கு வந்தன. ஒரு கையெழுத்துதானே, ஒரு நடைதானே என்று அவளுக்குள்ளேயே ஒரு குரல் சொன்னது. பேனாவை வாங்கவும் வாங்கிவிட்டாள்.

அப்போது நெட்டை டிரைவர் உள்ளே வந்தான். நாலாம் எண் வண்டி அவனுடையது. "முடிஞ்சுதாக்கா? கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா எடுத்துருவேன்" என்று சொல்லி, அட்டையைப் பார்க்காமலே சாவிக்குக் கை நீட்டினான். அவ்வளவு நம்பிக்கை! அவளுக்குச் சுருக்கென்றது. இவன் சமதரையில் வண்டியை ஓட்டுகிறவன் இல்லை. பாறைக்கும் பள்ளத்துக்கும் நடுவில் போகிறவன்.

"நில்லு" என்றாள். பேனாவை மேனேஜர் கையிலேயே திருப்பித் திணித்தாள். ஸ்பானரை எடுத்துக்கொண்டு குழியில் இறங்கினாள்.

கோபத்திலும் முறை தவறவில்லை. முதலில் மேல் போல்ட். அப்புறம் கீழ் போல்ட். புத்தம் புதிய எண்ணெய் கெட்டியாக, சோம்பேறித்தனமாகத் தட்டில் இறங்கியது. வெளியே வந்தாள், பக்கத்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து நகர்ந்தாள். அதையும் திறந்தாள். இரண்டு கீழ் போல்ட்டுகளையும் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுப் பையின் பொத்தானையும் மாட்டிக்கொண்டாள். எழுந்து வந்து டயர் மேல் உட்கார்ந்தாள்.

ஆகட்டும் கீச்சென்று கத்தினார். "என்ன... என்ன காரியம் பண்ணிட்டே! போல்ட்டை மாட்டு!"

"மாட்ட மாட்டேன்."

"எண்ணெயே இல்லாம வண்டி எப்படிப் போகும்?"

"போகாது சார். அதான் வேணும். எண்ணெய் இல்லாத வண்டி இங்கயே நிக்கும். தப்பான எண்ணெய் ஊத்தின வண்டி போய் அங்க நிக்கும். நீங்களே சொல்லுங்க, எங்க நின்னா நல்லது?"

"டேய், நீ எடுடா வண்டியை!" என்று அவர் டிரைவர் பக்கம் திரும்பினார்.

நெட்டை டிரைவர் தட்டில் வடிந்துகொண்டிருந்த எண்ணெயைப் பார்த்தான். சாவியை ஆணியில் மாட்டினான். "எடுக்க மாட்டேன் சார்" என்றான். மேஸ்திரி கைபம்பைத் துடைத்துத் தரையில் வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "நானும் இனிமே இதை ஊத்த மாட்டேன் சார்" என்றார். அந்தச் சொல் அன்றைக்குக் கொட்டகைக்குள் ஒட்டுவாரொட்டியாகிவிட்டது. ஆகட்டுமுக்கு வேறு வழியில்லை. பழைய வண்டி ஒன்றில் டவுனுக்கு ஆள் பறந்தது.

சபையார் பத்து மணிக்குச் சரியாக வந்தார்கள். அவர்களில் ஒரு வயதான அம்மாள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நேரே கொட்டகைக்கே வந்துவிட்டார். பெரிய டாக்டரும் கூடவே. "ஏன் தாமதம்?" என்று அம்மாள் கேட்டார்.

ஆகட்டும் வேர்த்து விறுவிறுத்து நின்றார். அப்புறம், ஆச்சரியமாக, வாய் திறந்தது. "டிரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெய் மாத்துறோம்மா. சரியான எண்ணெய் வர்றவரைக்கும் வண்டியை வெளிய விடக்கூடாதுன்னு நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன். மலைப்பாதை பாருங்க. உயிர் விஷயம்."

டயர் மேல் உட்கார்ந்திருந்தவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடப்பாவி! மேஸ்திரி இருமுவதுபோல் பாவனை செய்து வெளியே போய்விட்டார். அவள் எதுவும் சொல்லவில்லை. சரியான எண்ணெய் வந்தால் போதும், பேரை யார் எடுத்துக்கொண்டு போனால் என்ன என்று இருந்துவிட்டாள். எண்ணெய் வந்தது. மிச்சமிருந்த கெட்டி எண்ணெய் போக இரண்டு பெட்டியையும் கொஞ்சம் சிவப்பு எண்ணெய் ஊற்றி அலசினாள், புது வாஷர் போட்டு மாட்டினாள், துளை வழிய நிரப்பினாள், கையெழுத்துப் போட்டாள். வண்டிகள் மலையேறிச் சாயங்காலம் பத்திரமாகத் திரும்பின. அந்த அம்மாள் பார்வையாளர் புத்தகத்தில் அரைப் பக்கம் எழுதினார். எங்களைக் காக்க வைத்தாலும் சரியான எண்ணெய் இல்லாமல் வண்டியை அனுப்பாத இந்த மேனேஜரின் கண்டிப்பு எல்லா இடத்திலும் வேண்டும் என்று. பெரிய டாக்டர் அதற்குக் கீழேயே, உண்மை என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

பாராட்டு வாங்கினவருக்கு மனசு ஆறியிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. கொட்டகை ஆட்கள் முன்னால் பட்ட அவமானம் அவர் நெஞ்சில் முள்ளாக நின்றது. வெள்ளிக்கிழமை காலை அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"நீ இனிமே குழியில வேண்டாம். திங்கள்கிழமையிலேருந்து துணி துவைக்கிற இடம்" என்றார், மேசையைப் பார்த்துக்கொண்டே.

வரும் என்று தெரிந்துதான் இருந்தாள். முந்தின ராத்திரி வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லிவிட்டாள். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "வாயால சொன்னா எந்திரிச்சு வந்துடாதே. எழுத்துல கேளு. அளவு எழுதிக்காம நான் துணி வெட்டறதில்ல" என்றிருந்தார்.

"சரி சார். எழுத்துல குடுத்துருங்க."

"அதெல்லாம் எதுக்கு?"

"இருபத்தோரு வருஷ வேலை சார். வாயால சொன்னா எப்படி? படிவம் இருக்குல்ல, ஆளை இடம் மாத்தறதுக்கு."

இருந்தது. ஆகட்டும் இழுப்பறையைத் திறந்து ஒன்றை உருவினார். அவள் பெயரை எழுதினார், முழுப் பெயரை. தேதி போட்டார். இருக்கும் இடம், போகும் இடம் எல்லாம் மளமளவென்று எழுதினார். அதற்கு அடுத்த கட்டம் 'காரணம்'.

பேனா அங்கே போய் நின்றது.

"கீழ்ப்படியலன்னு எழுதுவேன்" என்றார்.

"எழுதுங்க சார். ஆனா அதுக்குக் கீழ ஒரு வரி இருக்கு பாருங்க, எந்த உத்தரவுக்குக் கீழ்ப்படியலன்னு. அதையும் எழுதணும். தப்பான எண்ணெயை ஊத்தச் சொன்னேன், ஊத்தலன்னு எழுதுங்க. பெரிய டாக்டர்தான் கையெழுத்துப் போடணும். அவர் கேட்டா, வண்டியை நிறுத்தினது நீங்கதான்னு நேத்து சொன்னீங்களே, அதையும் சேத்துச் சொல்லிக்கலாம்."

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. படிவத்தின் ஒரு மூலை படபடவென்று அடித்துக்கொண்டது. அவர் பேனா மூடியைப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். கேட்ட கேள்விக்கெல்லாம் ஆகட்டும் என்று சொல்லிப் பழகிய வாய்க்கு அந்தக் கட்டத்தில் எழுத ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெளியே இரண்டாம் எண் வண்டி ஓடைத் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றது. அதன் பின் டிஃபரன்ஷியலைத் திறந்து பார்த்தாக வேண்டும்.

"எழுதி முடிச்சதும் கூப்பிடுங்க சார்" என்றாள். "குழியிலதான் இருப்பேன்."

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. அவர் இன்னும் கூப்பிடவில்லை.